வாடகை மூளை

பார்ப்பதற்கு என்னவோ அந்த மூளை அழகாகத்தான் இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று சகல வண்ணங்களும் அதில் இருந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு திட்டு.

"இவ்ளோ கலரான மூளைய வெச்சிக்கினு இந்தாளு எப்டிக்கா கேஸ்ல மாட்னாரு?" என்றான் ரஃபி.

மணவாள நகரில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் நர்மதாவின் துப்பறியும் நிலையத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான். அதன் வெளிச்சத்தில் அவள், கோர்ட்டில் நகல் வாங்கிய இரண்டு ஸ்கேன் ஃபிலிம்களைத் தூக்கிப் பிடித்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஃபி அவளுடைய உதவியாளன். பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மண்டியை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால், "அங்க செத்த மீன், இங்க செத்த ஆளு, நாத்தம் ஒண்ணுதான்" என்பான்.

மூளைக்குச் சொந்தக்காரர் அருணாச்சலம். கும்மிடிப்பூண்டியில் வஜ்ரம் ஸ்டீல்ஸ் என்ற உருக்காலையின் முதலாளி. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆலையின் ஃபர்னஸ், அதாவது இரும்பை உருக்கும் உலை, வெடித்து நான்கு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். ஆலைக்குப் பொறுப்பாளி என்று போலீஸ் அவரைக் கைது செய்யப் போனபோது முதலாளி ஏற்கெனவே ஒரு நர்சிங் ஹோமில், முகத்தில் கட்டுடன் படுத்திருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

கைது என்றதும் பெரிய மனிதர்களுக்கு நெஞ்சு வலிப்பதுதான் நம் நாட்டு வழக்கம். அருணாச்சலம் கொஞ்சம் முன்னேறிய மனிதர். இந்த 2007-ல் போய் நெஞ்சுவலியை எந்த மாஜிஸ்திரேட் நம்புகிறார்? ஆகவே ஒரேயடியாக மூளையிலேயே கை வைத்துவிட்டார். வாய்தாவுக்கு வாய்தா, மூளைக்குள் ரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று கலர் கலராகக் காட்டும் பெர்ஃபியூஷன் ஸ்கேன் கோர்ட்டுக்கு வந்து சேரும். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, படத்தைத் தலைகீழாக ஒரு முறையும் நேராக ஒரு முறையும் பார்ப்பார். இந்த நிலையில் இவரைப் புழல் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது என்று ஒத்திவைப்பார். கோர்ட் அனுப்பிய அரசு டாக்டரும் நேரில் போய்ச் சோதித்துவிட்டு, வியாதி நிஜம்தான் என்று சான்று கொடுத்துவிட்டார்.

"எம் புருசன தேடுங்கன்னு வந்தா, நீங்க மொதலாளி மண்டைய பாத்துக்கினு கீறீங்களே மேடம்" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பூவம்மாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய கணவன் அரசப்பன்தான் அந்த ஃபர்னஸின் ஆபரேட்டர். வெடித்த அன்றிலிருந்து ஆளைக் காணோம். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், தப்பாக எதையோ உள்ளே போட்டான், நான்கு பேரைக் கொன்றுவிட்டு ஓடிப்போனான் என்று கம்பெனி சொன்னது. போலீஸ் அதையே அச்சு மாறாமல் எழுதிக்கொண்டது. ஆரணிப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய ஊரில் இப்போது பூவம்மாளுக்குப் பெயரே கிடையாது. கொலைகாரன் பெண்டாட்டி, அவ்வளவுதான். நடவுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

"குடிச்சாராம்ல! மோரு குடிச்சாலே தூங்கிப் போற மனுசன் அவரு. பழைய இரும்பு ஸ்க்ராப்பு மழைல நனஞ்சி கீது, உருகுன இரும்புல ஈரத்த போட்டா குண்டு மாரி வெடிக்கும்னு தெனம் சாப்புட ஒக்காந்தா இதே பாட்டுதான். அவரா போட்டிருப்பாரு?"

"மொதலாளியும் போடல, உங்க ஊட்டுக்காரரும் போடல. ஸ்க்ராப்பு தானா நடந்து போய் குதிச்சிருக்கும்" என்றான் ரஃபி. பூவம்மாள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

"சிஃபா, நீ சொல்லு" என்று நர்மதா திரும்பினாள்.

டாக்டர் சிஃபா ரஃபியின் பெரியம்மா மகள். சென்னையில் ஸ்கேன் படம் பார்த்து அர்த்தம் சொல்லும் டாக்டர். ஆலோசனைக்குக் கட்டணமாக ரஃபியின் நாஷ்டாவை, அதாவது நான்கு இட்லியையும் ஒரு வடையையும், அவனுடைய கண் எதிரிலேயே சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"பூவம்மா, உங்க ஊர் வாய்க்கால நெனச்சிக்கோங்க" என்றாள் சிஃபா. "ரத்தம்தான் தண்ணி. செவப்பா இருக்குற எடத்துல தண்ணி நல்லா பாயுது. நீலம், கடைமடை. சொட்டு சொட்டாதான் போவுது. இந்தக் கருப்பு, கரை ஒடஞ்சி ரத்தம் கட்டிக்கினு நின்ன எடம். அங்க ஒண்ணும் பாயல. இது மொத படம். கருப்ப சுத்தி எவ்ளோ நீலம் பாருங்க. இப்ப போன வாரம் எடுத்தத பாருங்க."

இரண்டாவது படத்தில் கருப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் இருந்த நீலம் பச்சையாகியிருந்தது.

"கடைமடைக்குத் தண்ணி வந்துட்ச்சி" என்றாள் பூவம்மாள், தன்னையறியாமல்.

"கரெக்ட். ஆளு தேறிக்கினு வராரு. அதோட, அடி வலது பக்கம். பேச்சு இருக்குறது இடது பக்கம். அது மொத நாள்லேர்ந்தே நல்லாதான் இருக்கு. இவரு எப்பவோ பேச ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு படமும் ஒரே ஆளோடது, வியாதியும் சுத்தமான நெஜம். எனக்குத் தெரிஞ்சி இதுல ஏமாத்து வேலை ஒண்ணுமில்ல."

"போச்சிடா" என்றான் ரஃபி. "உலகத்துல மொத தடவையா ஒரு பணக்காரனுக்கு சொன்ன வியாதி நெஜமாவே வந்துகீது. அதுவும் நம்ம கேஸ்ல!"

நர்மதா மட்டும் கலர் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஃபிலிமின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது இன்னா சிஃபா?"

"அதுவா? ஸ்கேன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எங்கேர்ந்து எங்க வரைக்கும் எடுக்கணும்னு அளவு பாக்க, பக்கவாட்டுல முழு மண்டைய ஒரு படம் எடுப்போம். அத யாரும் பாக்க மாட்டாங்க."

"யாரும் பாக்காததத்தான் நான் பாக்கணும். கன்னத்துல, தாடைல, புருவத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா தூவின மாதிரி இருக்கே, ஃபிலிம்ல தூசியா?"

சிஃபா ஃபிலிமைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இல்ல. ரெண்டு படத்துலயும் அதே எடத்துல இருக்கு. இது உலோகம். தோலுக்கு அடியில பொடிப் பொடியா இரும்பு."

ரஃபி மேசையிலிருந்த பழைய பத்திரிகையை எடுத்தான். ஏதோ சங்கத் தலைவரானபோது வந்த அருணாச்சலத்தின் படம். சஃபாரி சூட், மை தடவிய பெரிய மீசை, பளபளவென்று கன்னம். அந்தக் கன்னம் ஃபர்னஸைக் காலண்டரில்தான் பார்த்திருக்கும்.

பூவம்மாள் எழுந்து வந்து ஃபிலிமை வாங்கினாள். அந்தத் தீப்பெட்டிப் படத்தில் வெள்ளைப் புள்ளிகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"கண்ணாலமான புதுசுல இது பருன்னு நெனச்சி மஞ்ச அரச்சி பூசிவுட்டேன்" என்றாள். "ஃபர்னஸ் பொறி தெறிச்சி உள்ள போனதுடி, உன் மஞ்சளுக்கா வரும்னு சிரிச்சாரு. வேத்துச்சின்னா தலகாணில துரு படியும். நான்தான் தோச்சிப் போடுவேன்." ஃபிலிமை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள்.

ரஃபிக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கத் தோன்றியது. ஆனால் எதிராளியின் மூளை என்று நினைத்துக் கிண்டலடித்துக்கொண்டிருந்தது ஒரு கூலிக்காரனின் தலையை என்று தெரிந்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"புரிஞ்சிதா?" என்றாள் நர்மதா. "டாக்டர் பொய் சொல்லல. ஸ்கேன் பொய் சொல்லல. வெடிச்ச அன்னிக்கி அரசப்பன் மண்டைல அடி. ஓடிப்போனான்னு ஊருக்கு சொல்லிட்டு, முகத்துல கட்டு போட்டு, தன் பேர்ல படுக்க வெச்சிட்டாரு மொதலாளி. நெஜ வியாதிக்காரன எந்த டாக்டர் வேணும்னாலும் வந்து சோதிக்கலாமே! ஃபர்னஸுக்கு ஆள் எடுக்கற மாதிரி, வியாதிக்கும் கான்ட்ராக்ட்ல ஆள் எடுத்துட்டாரு."

"அப்ப மனுசன் உயிரோட கீறாரு. நல்ல சேதிதானேக்கா?"

"நல்ல சேதியா? அந்தப் படத்த மறுபடி பாருடா. நீலம் பச்சையாகுது. அந்த மூளை கெட்டுக் கெடக்குற வரைக்கும்தான் அருணாச்சலத்துக்கு அதனால லாபம். தேறி வாயத் தொறந்தா? நாளைக்கி அரசு டாக்டர் கடைசியா ஒரு தடவ பாக்க வராரு. அந்த சான்று கைக்கு வந்ததும், தேறிட்ட மூளைய அவரு இன்னாத்துக்கு உயிரோட வெச்சிருக்கணும்?"

பூவம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். "நான் இப்பவே போறேன்."

"நாளைக்கி அந்த டாக்டர் இருக்குறப்ப போவோம். சாட்சி வேணும். இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா ஆள மாத்திடுவாங்க."

"ஒரே ஒரு டவுட்டு" என்றான் ரஃபி. "அரசப்பன் மொதலாளி பேர்ல படுத்துனு கீறாரு. சரி. நெஜ மொதலாளி எங்க? பெங்களூர்லயா, மாலத்தீவுலயா?"

"தெரியல" என்றாள் நர்மதா. அவளுக்குத் தெரியாத விஷயம் என்றால் குரல் கொஞ்சம் கடுகடுப்பாகும். இப்போதும் ஆனது.

*

மறுநாள் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூவம்மாளை நர்சிங் ஹோமுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நர்மதாவும் ரஃபியும் மாடி ஏறினார்கள். ரஃபி அன்றைக்குப் பழைய இரும்பு வியாபாரி. அமீருதீன் மாமாவிடம் இரவல் வாங்கிய பட்டு ஜிப்பா, பத்தடிக்கு மணக்கும் அத்தர், கையில் ஆப்பிள் கூடை. நர்மதா அவனுடைய செகரட்டரி. இந்த ஏற்பாட்டில் ரஃபிக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"செகரட்டரி, கூடைய புடி."

"கீழ வா, உனக்கு இருக்கு."

அறை வாசலில் கான்ஸ்டபிள் பச்சையப்பன் நாற்காலியில் காவல் இருந்தார். மூன்று மாதக் காவலில் அவருக்குத் தொப்பை ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அவருக்கு ஒரு வயதானவர் டீ கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, மழித்த முகம், நரைத்த தலை.

"யாரு நைனா நீங்க?" என்றார் வயதானவர்.

"பழைய இரும்பு யாவாரம். மொதலாளிக்கு வேண்டப்பட்டவங்க. ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு."

"வாங்க வாங்க. நான் ஜெயராஜ். மொதலாளியோட கூடவே கீறேன். அவரு மனுசன் இல்லீங்க, தெய்வம். இருவது வருசம் அவரு ஃபர்னஸ்ல நின்னு சாப்புட்ட சோறு இது. அந்த நன்றிக்குத்தான் பீ மூத்திரம் அள்ளிக்கினு கெடக்கறேன்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரஃபிக்கே மனசு இளகிவிட்டது. பாவம், இந்த மனிதனையும் ஏதோ மிரட்டித்தான் இங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்தான். கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்தான். ஜெயராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டிக்கரு இல்லியே. நம்மூரு ஆப்பிளா?" என்று கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அறைக்குள் நோயாளி கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். முகத்தில் பாதிக்குக் கட்டு. கண்கள் மூடியிருந்தன. தலைமாட்டில் பெரிய எழுத்தில் 'அருணாச்சலம்' என்று பலகை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் ஜெயராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் ஓரமாக நின்றாள்.

அரசு டாக்டர் அன்புசெல்வன் வந்தார். இளைஞர். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் என்பது அவர் கை கழுவிய விதத்திலேயே தெரிந்தது.

"போன தடவையும் தூங்கினாரு, இந்தத் தடவையும் தூங்குறாரு. பேச்சு வந்துச்சா?"

"எங்க சார்! சும்மா ஒளறுவாரு, அவ்ளோதான்" என்றார் ஜெயராஜ். "சீக்கிரம் எழுதிக் குடுத்தீங்கன்னா மொதலாளி ரெஸ்ட் எடுப்பாரு."

"டாக்டர்" என்றாள் நர்மதா, "எழுதறதுக்கு முன்னாடி மொதலாளி கைய ஒரு தடவ பாருங்க." சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கினாள்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கைகளிலும் பொறி பட்ட தழும்புகள். கறுத்தவை, வெளுத்தவை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியவை. தோல் தெரிந்த இடம்தான் குறைவு.

"ரெண்டு தடவ இந்தக் கையத் தட்டிப் பாத்தேன்" என்றார் டாக்டர் மெதுவாக. "நரம்பத்தான் பாத்தேன். இது என்ன?"

"தீபாவளில பட்டாசு வெடிச்சிது சார்" என்றார் ஜெயராஜ்.

"எத்தினி தீபாவளி?" என்றான் ரஃபி.

ஜெயராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "யார்ரா நீங்கல்லாம்? வெளிய போங்க! பச்சையப்பா, இவங்கள இழுத்து வெளிய வுடு!"

அந்தக் குரலில் கொஞ்ச நேரத்துக்கு முன்பு இருந்த பீ மூத்திரம் அள்ளும் பணிவு இல்லை. பத்து ஏக்கருக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல் அது. பச்சையப்பன் டீ கிளாஸோடு ஓடிவந்தார். அதே குரல் கட்டிலில் கிடந்தவரின் ஊசி மயக்கத்துக்குள்ளும் போய்விட்டது போலும். கண் திறந்தது. ஜெயராஜைப் பார்த்தது. உடம்பு பதறி எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வலது கை மட்டும் நெற்றிக்குப் போய், கட்டின் மேல் ஒரு கும்பிடு மாதிரி நின்றது.

"சார்... ஸ்க்ராப்பு ஈரமா கீது சார்... வேணாம் சார்..."

வார்த்தைகள் குழறின, ஆனாலும் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"சார், சொன்னா கேளுங்க சார்... புள்ளைங்க நிக்குதுங்க சார்..."

டாக்டர் தலைமாட்டுப் பலகையைப் பார்த்தார். பிறகு லுங்கி கட்டியவரைப் பார்த்தார். "வஜ்ரம் ஸ்டீல்ஸ் முதலாளி, எதுக்கு அட்டெண்டர சார்னு கூப்புடறாரு?"

ரஃபிக்கு அப்போதுதான் பளிச்சென்று பிடிபட்டது. பட்டு ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், ஜெயராஜின் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே தள்ளினான். வழவழவென்ற வெள்ளைக் கை. இருபது வருஷம் ஃபர்னஸில் நின்ற கையில் கொசு கடித்த தழும்புகூட இல்லை. பத்திரிகையில் பார்த்த கன்னத்தை நினைத்துக்கொண்டான். மீசையை மழித்து, தலைக்குத் தடவும் மையை நிறுத்திவிட்டால் போதும். அப்புறம் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருக்கிறவன் முகத்தை எவன் பார்க்கிறான்?

"மாலத்தீவு இல்லக்கா" என்றான். "ஆளு இங்கியேதான் கீறாரு. வாயத் தொறந்துடப் போறான்னு கூடவே ஒக்காந்து காவல் காத்துக்கினு."

"உள்ள வர்றப்பவே ஆப்பிளப் பாத்து தெரிஞ்சிருக்கணும். எனக்கே லேட்டாதான் பிடிபட்டுது" என்றாள் நர்மதா. "இருவது வருசமா ஃபர்னஸ்ல நின்னவன் எவன்டா ஆப்பிள்ல ஃபாரின் ஸ்டிக்கர் தேடுவான்?"

அருணாச்சலம் வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு பச்சையப்பன் நின்றிருந்தார். மூன்று மாதமாகத் தான் காவல் காத்த கைதி யார், தினம் யாரிடம் டீ வாங்கிக் குடித்தோம் என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கிளாஸை ஜன்னலில் வைத்தார். பிறகு அருணாச்சலத்தின் தோளில் கையைப் போட்டார்.

"மன்னிச்சிக்கோங்க மொதலாளி. டீ நல்லாதான் இருந்திச்சி."

நர்மதா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். பூவம்மாள் படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், அந்தத் தழும்பேறிய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

தான் கையெழுத்துப் போட்ட பழைய சான்றுகள் டாக்டர் அன்புசெல்வனின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குனிந்து, நோயாளியிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்க பேர் என்ன?"

கட்டிலில் கிடந்தவரின் கண்கள் டாக்டரைத் தாண்டி, கான்ஸ்டபிளின் பிடியில் நின்ற அருணாச்சலத்திடம் போயின. சொல்லலாமா என்று கேட்டன. மூளையில் ரத்தம் நின்றுபோய், கருத்து, மறுபடி பாய்ந்து, இவ்வளவும் நடந்த பிறகும் அந்தப் பயத்துக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

பூவம்மாள் அதைப் பார்த்தாள். எழுந்து, கட்டிலுக்கும் அருணாச்சலத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். இப்போது கட்டிலிலிருந்து பார்த்தால் அவளைத் தவிர வேறு யாரும் தெரியாது.

"இங்க சாரு யாரும் இல்ல" என்றாள். "டாக்டரு கேக்குறாரு. சொல்லு."

உதடுகள் இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தன. டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"அரசப்பன்" என்றார் அவர்.

ரஃபி போய்த் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினான்.